பாவித்த .22 போல்ட் அக்சன் துவக்கு: பிர்னோ மொடல் 2 எடுப்பதா, அன்சூட்ஸ் 64 எடுப்பதா?

ஈயமணி (கேள்வி)

வணக்கம். லைசென்ஸ் கையில் வந்துவிட்டது. 50 மீற்றரில் கடதாசி இலக்குக்குச் சுட, திறமான பாவித்த .22 எல்.ஆர். (சின்ன ரவை) போல்ட் அக்சன், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் போல்டைக் கையால் இழுத்து மூடும் துவக்கு ஒன்று தேடுகிறேன். புதுசு வேண்டாம், பழைய வோல்நட் மரமும் நீலமேற்றிய இரும்பும்தான் விருப்பம். ஒன்ராறியோவுக்குள் இரண்டு விளம்பரம் கண்ணில் பட்டது.

ஒன்று செக் நாட்டுப் பிர்னோ மொடல் 2. முத்திரைக்குப் பக்கத்தில் 63 என்று அடித்திருக்கிறது, ஐந்து ரவை மகசீன் ஒன்று உண்டு. மற்றது ஜெர்மன் அன்சூட்ஸ் 64 மட்ச் (போட்டித் துவக்கு). பின் டயொப்டர் (சின்னத் துளையால் பார்க்கும் பின்குறி) இருக்கிறது, முன் குறிக்குள் போடும் வளையங்கள் இல்லை. படத்தில் இரண்டும் மினுங்குது. நேரில் போனால் எதை முதலில் பார்க்க வேண்டும்? எத்தனை ஆயிரம் சுட்டது என்று கேட்பதில் பயன் உண்டா?

பழைய இரும்பு

எத்தனை சுட்டது என்ற கேள்வியை விடுங்கோ. .22 எல்.ஆர். சன்னம் மெழுகு பூசின மெத்தென்ற ஈயம், வழமையாக 40 கிரெய்ன். மட்ச் ரவை வினாடிக்கு 330 மீற்றர் அளவில்தான் போகும். ஈயம் உருக்கை லேசில் தேய்க்காது. இந்தக் குழல்களைக் கெடுப்பது துரு, குழல்வாயால் விட்டு இழுத்த துப்புரவுக் கம்பி, ரவை இல்லாமல் விசையை அழுத்தும் பழக்கம். இந்த மூன்றும் எங்கே தடம் விடும் என்று தெரிந்தால் பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம்.

முதலில் போல்டைக் கழற்றுங்கோ, சேம்பர் (ரவை போய் இருக்கும் குழலின் பின்பகுதி) வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்துங்கோ. பிறகு சேம்பரின் வாய் விளிம்பு. .22 போன்ற ரிம்ஃபயரில் ஃபயரிங் பின் (ரவையை வெடிக்கவைக்கும் ஊசி) கோதின் விளிம்பைத்தான் அடிக்கும். கோது இல்லாவிட்டால், சில துவக்குகளில் அது நேரே சேம்பர் விளிம்பில் போய் விழும். விழுந்த இடத்தில் சின்னப் பள்ளம் இருக்கும், அதன் உலோகம் சேம்பருக்குள் பிதுங்கியிருக்கும். பல்லுக்குத்தியை விளிம்பைச் சுற்றி இழுத்தால் தட்டுப்படும். ரவை உள்ளே போக மறுப்பதும், சுட்ட கோது வெளியே வராமல் ஒட்டுவதும் இதனால்தான். சின்னப் பிதுக்கத்தை, அதற்கென்றே உள்ள உருளைக் கருவியால் துவக்குத் திருத்துநர் திரும்ப அழுத்திவிடுவார். ஆழமென்றால் குழலைப் பின்னுக்கு வெட்டி எடுத்துச் சேம்பரைப் புதிதாகக் கடைய வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு துவக்கே வாங்கலாம்.

அடுத்தது குழல்வாய். பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே சுற்றி இழுங்கோ. நூல் பிடித்தால் அங்கே பிசிர். கடைசி ஒரு சென்ரிமீற்றரில் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால் கம்பி தேய்த்தது. குழல்வாயைப் புதிதாகக் கடைந்து சரிப்பண்ணலாம், அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கோ.

பிறகு பின்னாலிருந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. உள்ளே மோதிரம் போல ஒரு கறுத்த நிழல் தெரிந்தால், சிக்கி நின்ற சன்னத்தின் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள், குழல் அங்கே வீங்கியிருக்கும். வெளிப்புறத்தை இரண்டு விரலால் மெதுவாகத் தடவினால் சில வேளை மேடு தெரியும். இதற்கு வைத்தியம் இல்லை, வந்த வழியே போங்கோ. சேம்பருக்கு முன்னால் தெரியும் கறுப்பு வளையம் வேறு சங்கதி: அது எரிந்த மருந்தின் கரி, கரைப்பானும் வெண்கலத் தூரிகையும் போதும்.

விற்பவர் சம்மதித்தால் கட்டையையும் கழற்றிப் பாருங்கோ. வெளியே பளபளப்பு, மரத்துக்குள் ஒளிந்த பக்கமெல்லாம் துருப்பள்ளம், இது பழைய துவக்கில் சாதாரணம். மரத்தில் வெடிப்பு தேட வேண்டிய இடம் பின் திருகுக்குப் பின்னால். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மரம் மெத்தென்று இருக்கும், திருகு எத்தனை தரம் இறுக்கினாலும் நிற்காது.

சித்திரைவெயில்

மேலே சொன்னதோடு போல்டையும் சேர்த்துப் பாருங்கோ. போல்டில் இலக்கம் அடித்திருந்தால் துவக்கின் இலக்கத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வேறு போல்ட் என்றால் ஹெட்ஸ்பேஸ் (கோதின் விளிம்புக்காக போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் இடையே விட்ட இடைவெளி) சந்தேகம். .22க்கு அது 0.043 அங்குலத்திலிருந்து 0.046 வரை, அதாவது 1.09 முதல் 1.17 மி.மீ. கூடினால் அடி மெலிந்து ரவை வெடிக்காமல் போகும். திருத்துநரிடம் அதை அளக்க இரண்டு கேஜ் இருக்கும், ஒரு நிமிட வேலை.

சுட்ட கோது ஒன்றைக் கேட்டு வாங்குங்கோ. பின் அடித்த தடம் தெளிவாக, விளிம்பில் ஆழமாக இருக்க வேண்டும். மெலிந்த தடமென்றால் உடனே பயப்படத் தேவையில்லை, அநேகமாக போல்டுக்குள் இறுகிப்போன பழைய கிறீஸ்தான்.

விசைக்கு ஒரு சோதனை. வெறும் சேம்பர், குழல்வாய் பாதுகாப்பான பக்கம், போல்டை வேகமாக மூடுங்கோ. பிடங்கை ரப்பர் விரிப்பில் தட்டுங்கோ. சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கோ. எந்த ஒன்றிலாவது பின் விழுந்தால் யாரோ சியரை (பின்னைப் பிடித்து வைத்திருக்கும் கொளுவி) அரத்தால் ராவியிருக்கிறார்கள். பிர்னோக்களில் விசையின் எடை குறைக்க ஸ்பிரிங்கை வெட்டியவர்களும் உண்டு. இந்தச் சோதனைக்குச் சுவரில் திருகு இறுக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் ஒன்றைச் சேம்பருக்குள் வையுங்கோ, பின்னுக்கும் விளிம்புக்கும் ஆபத்தில்லை.

வடிவேல்_50மீ

எதை எடுப்பது என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

படுத்துக்கொண்டு டயொப்டரால் சுடுவதென்றால் அன்சூட்ஸ். ஸ்கோப் போட்டு மேசையில் வைத்தும், சில வேளை தோளில் தூக்கிக்கொண்டு நடந்தும் சுடுவதென்றால் பிர்னோ. 64 என்பது அன்சூட்ஸின் பெரிய, விலை கூடிய 54 அக்சன் அல்ல, அதை மனதில் வைத்து விலை பேசுங்கோ. "மட்ச்" என்ற சொல்லுக்கு மட்டும் 54இன் விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

வயது பார்க்க: செக் துவக்கில் அந்த 63 என்பது சோதனை ஆண்டு, 1963. அன்சூட்ஸில் ஊல்ம் சோதனைச்சாலையின் மான்கொம்பு முத்திரையும் அதனருகே இரண்டு எழுத்தும் இருக்கலாம். எழுத்துகள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்: ஏ 0, பி 1, சி 2 என்று போய் ஐ 8, கே 9 (ஜே இல்லை). எச்ஜி என்றால் 76.

முன் வளையம் இல்லாதது பெரிய குறை அல்ல. ஆனால் எம்18, எம்22 என்று இரண்டு அளவு உண்டு, ஒன்று மற்றதில் பொருந்தாது. வாங்கமுன் அளந்து பாருங்கோ. பிர்னோவுக்கு இரண்டாவது மகசீன் தேட வேண்டிவரும், இருக்கிற மகசீனின் உதடுகள் வளைந்திருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கோ. சன்னத்தின் மூக்கு சேம்பர் விளிம்பில் உரசி ஈயம் சீவுப்பட்டால் அதுதான் காரணம்.

ஈயமணி

நன்றி அண்ணைமார். அன்சூட்ஸ்காரர் தன் கிளப்பில் சுட்டுப் பார்க்கலாம் என்கிறார். என்ன ரவை கொண்டுபோக? எந்த அளவு குழு (கடதாசியில் ஓட்டைகள் சேர்ந்து விழும் அகலம்) வந்தால் நல்லது?

பழைய இரும்பு

மூன்று வகை கொண்டுபோங்கோ, எல்லாம் சாதாரண வேகம்: எஸ்கே ஸ்ராண்டர்ட் பிளஸ், எலி, கையில் இருக்கிற மலிவு ஒன்று. ஹைவெலோசிற்றி வேண்டாம். வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் பத்து ரவையைக் கணக்கில் எடுக்காமல் சுடுங்கோ, குழலில் இருக்கும் பழைய மெழுகு போய்ப் புதியது படிய வேண்டும். பிறகு ஐந்து ரவைக் குழு ஐந்து. ஒரே ஒரு குழுவைக் காட்டி "பார்த்தியா" என்றால் நம்பாதீங்கோ. 50 மீற்றரில் ஆகத் தூர இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் சராசரி 15 மி.மீ.க்குள் வந்தால் மட்ச் துவக்குக்குச் சரி. ஒப்பிட்டுப் பார்க்க: சர்வதேச 50 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ. பழைய பிர்னோ நல்ல ரவையில் 20 முதல் 25 காட்டினாலே போதும்.

குழு இரண்டாகப் பிரிந்து விழுந்தால் துவக்கைக் குறை சொல்லமுன் கட்டைத் திருகுகளைப் பாருங்கோ. மரக்கட்டையில் 2 முதல் 3 நியூட்டன் மீற்றர், இரண்டும் ஒரே அளவு.

சித்திரைவெயில்

ஒன்று மறந்துபோச்சு. காசு கொடுக்கமுன் விற்பவர் உங்கள் லைசென்ஸ் விபரத்தைக் கனடாவின் துவக்குப் பதிவாளரிடம் கொடுத்து உறுதி இலக்கம் எடுக்க வேண்டும், 2022 மே மாதத்திலிருந்து ரெஸ்ட்ரிக்ரெட் (சட்டம் கூடுதலாகக் கட்டுப்படுத்தும் வகை) அல்லாத துவக்குக்கும் அது கட்டாயம். அந்த இலக்கம் 90 நாள் செல்லும். "எங்களுக்குள்ளே முடிப்பம்" என்பவரிடம் வாங்காதீங்கோ.