காட்டு ரோந்துக்குத் துணியில் தைத்த ஜிபிஎஸ் ஆன்டெனா தாங்குமா?

குந்தாக்காரன்:
நீலகிரியில் முக்குருத்திப் பக்கம் ரோந்து போகும் வனக்காவல் வாட்சர்களுக்காக ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனா செய்துகொண்டிருக்கிறேன். ஃபெல்ட் துணிமேல் செப்பு பூசிய துணியை ஒட்டி, மழைக்கோட்டின் தோளில் தைத்துவிடலாம். வளையும், உறுத்தாது, கிளையில் மாட்டாது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

சோலைநடை:
தம்பி, ஃபெல்ட் வேண்டாம். நானே செய்து ஏமாந்தவன். உலர்ந்த ஃபெல்ட்டின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலைத் தேக்கும் என்ற அளவு) ஒன்றரைக்குப் பக்கம், தண்ணீருக்கோ 80. ஈரம் ஏறியதும் ஜிபிஎஸ் அலைவரிசையான 1575.42 மெகாஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய ஒத்திசைவு கீழே இறங்கிவிடும். நீ செய்வது போன்ற தட்டையான பேட்ச் ஆன்டெனா வேலை செய்யும் அலைவரிசைப் பட்டை குறுகியது, அந்த நகர்வைத் தாங்காது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்த அவலாஞ்சி பக்கத்தில்தானே இருக்கிறது? நாலு கம்பிச் சுருள் ஹெலிக்ஸ் போடு. அதற்குத் தரைத்தகடு, அதாவது அடியில் ஓர் உலோகத் தளம், வேண்டாம், கட்டைவிரல் அளவுதான்.

குந்தாக்காரன்:
அண்ணே, வாட்டில் மரப் புதருக்குள் குனிந்து நுழையும்போது முதலில் முட்டுவது தோள்தான். போன மாதம் கூடப் போன வாட்சரின் பைப்பட்டையில் நட்டிருந்த ஹெலிக்ஸ் அடிக்கழுத்தில் முறிந்து கேபிளில் தொங்கியது. அதைக் கையில் பொத்திக்கொண்டே இறங்கி வந்தார். ஃபெல்ட் விஷயம் சரி, தண்ணீர் குடிக்காத நுரைக்கு மாறுகிறேன். ஆனால் அடியில் தரைத்தகடு இருப்பதால்தான் உடம்பு சிக்னலை உறிஞ்சாமல் இருக்கிறது. அதை விடமாட்டேன்.

சோலைநடை:
நுரை நல்லது. தைக்காதே, ஒவ்வொரு ஊசித்துளையும் தண்ணீருக்கு வாசல். சூட்டில் ஒட்டு. அப்புறம் கேபிள் துணியைத் தொடும் இடம்! சால்டர் வைத்த இடம் விறைப்பாகி, அதன் ஓரத்தில்தான் துணி அறும். அங்கே மட்டும் ஒரு சின்னக் கெட்டித் தகடு கொடு.

ஊட்டி ரேடியோ:
இருவரும் தோளையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு தோளில் வைத்தால் பாதி வானத்தைத் தலை மறைத்துவிடும். தரையில் கிடைக்கும் சிக்னலே மைனஸ் 130 டிபிஎம் என்ற மிக மெல்லிய அளவுதான், சோலையின் ஈர இலைகள் அதிலும் பங்கு கேட்கும். தோள் வளைவில் பேட்ச் வளைந்தால், சுழன்றபடி வரும் ஜிபிஎஸ் அலையைப் பிடிக்கத் தேவையான வட்ட முனைவாக்கமும் கெடும். தொப்பி உச்சியில் 25 மி.மீ. பீங்கான் பேட்ச் வையுங்கள்.

குந்தாக்காரன்:
மழையில் எல்லோரும் தொப்பிமேல் கோட்டின் தலைமூடியை இழுத்துவிடுகிறார்கள் சார். ஆன்டெனாமேல் நனைந்த துணிப்படலம் படியுமே?

ஊட்டி ரேடியோ:
அப்படியானால் தலைமூடியின் உச்சியிலேயே ஒட்டுங்கள். நனைத்து, போட்டுக்கொண்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். மேசைமேல் உலர்ந்து கிடக்கும் ஆன்டெனாவின் அளவை இங்கே போட வேண்டாம்.