கிராஸ்வாக் பிழையில்லாமல் ஓடுகிறது, பதிவுகள்தான் பாழ். இதை ஆய்வாக்குவது எப்படி?

நூலடுக்கு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நூலக அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. தலைப்பு: மெட்டாடேட்டா தரநிலைகளும் அவற்றின் ஒத்தியங்கலும். (மெட்டாடேட்டா என்றால் நூல் முதலியவற்றை விவரிக்கும் தரவு. ஒத்தியங்கல் என்றால் ஒரு தரநிலையில் எழுதியது இன்னொன்றிலும் பொருள் மாறாமல் பயன்படுவது. மீதரவு என்று எழுதிக் கொடுத்தால் நெறியாளர் "மீதித் தரவா?" என்று கேட்கிறார். அதனால் மெட்டாடேட்டா என்றே வைத்துக்கொள்கிறேன்.)

திட்டம் எளிமையாகத்தான் இருந்தது. ஒரு நூற்பட்டியலிலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் மார்க் 21 (நூலகப் பதிவுகளைக் கணினியில் எழுதும் வடிவம்) பதிவுகளை எடுத்து, எக்ஸ்எம்எல் ஆக்கி, கிராஸ்வாக் (ஒரு தரநிலையின் புலங்களை இன்னொன்றின் புலங்களோடு பொருத்தும் விதிகள்) வழியாக டப்ளின் கோர் என்ற எளிய தரநிலைக்கு மாற்றி, களஞ்சிய மென்பொருளில் ஏற்ற வேண்டும். இதிலேயே மூன்று மாதம் போனது. கடைசியில் ஸ்கீமா (பதிவின் கட்டமைப்பு விதிகள்) சரிபார்ப்பில் ஒரு பிழைகூட வரவில்லை. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் தேடிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரே ஒரு பதிவைக் காட்டுகிறேன், மொழிபெயர்ப்பு நாவல்.

மாற்றுவதற்கு முன் (எண்கள் மார்க்கின் புலங்கள்):
008: தேதி வகை க்யூ (உறுதியில்லாத ஆண்டு), 1980, 1989
041: முதல் சுட்டி 1 (மொழிபெயர்ப்பு என்று பொருள்), நூலின் மொழி ஒன்று, மூலமொழி வேறு
100: நாவலாசிரியர்
240: மூலத் தலைப்பு, கூடவே மொழிபெயர்ப்பின் மொழி
245: அட்டையில் உள்ள தலைப்பு
264: பதிப்பகம், [1980க்கும் 1989க்கும் இடையில்]
700: இன்னொரு பெயர், "மொழிபெயர்ப்பாளர்" என்ற உறவுச்சொல்லோடு

மாற்றிய பின்:
தலைப்பு, இன்னொரு தலைப்பு
படைப்பாளர், இன்னொரு படைப்பாளர்
பதிப்பாளர்
தேதி: [1980க்கும் 1989க்கும் இடையில்]
மொழி, இன்னொரு மொழி

இது மொழிபெயர்ப்பு என்று மார்க்கில் 041, 240, 700 மூன்றும் சொல்லின. இப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இருமொழி நூல் எழுதியதுபோல இருக்கிறது. தேதியில் முதல் நான்கு இலக்கத்தை மட்டும் மென்பொருள் எடுத்துக்கொள்வதால், வரிசைப்படுத்தினால் இந்த வகைப் பதிவெல்லாம் 1980இல் போய் நிற்கிறது.

நெறியாளரிடம் காட்டினேன். "எட்டுத் தரநிலைகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடு, அதுவே ஓர் அத்தியாயம் ஆகிவிடும்" என்றார். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. இந்த இழப்பை எப்படி அளப்பது? அளந்தாலும் அது ஆய்வு ஆகுமா, வெறும் புலம்பலாகப் போய்விடுமா?

அட்டைப்பெட்டி

ஆய்வு ஆகும்மா. அட்டவணைதான் ஆகாது. எட்டுத் தரநிலைகளை நெடுவரிசையில் அடுக்கி டிக் போட்ட ஆய்வேடுகள் நான் பார்த்தவரை ஏராளம். அதில் ஒன்றையாவது பட்டியலாக்கும் மேசையில் யாரும் திறந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் டப்ளின் கோர் மேல் பழி போடாதே. 1995 மார்ச்சில் ஒஹையோ மாநில டப்ளினில் (அயர்லாந்து டப்ளின் இல்லை, தேர்வுத்தாளில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள்) அதை உருவாக்கியவர்கள் கூடிப் பேசியபோது அவர்கள் மனதில் இருந்தது இணையப் பக்கங்கள். பட்டியலாக்கப் பயிற்சி இல்லாதவரும் நாலு வரியில் தன் பக்கத்தை விவரிக்க வேண்டும். அதனால்தான் பதினைந்து கூறுகள், எதுவும் கட்டாயமில்லை, எதையும் எத்தனை முறையும் எழுதலாம். மார்க் வேறு பிறவி. அறுபதுகளின் பிற்பாதியில் ஹென்ரியட் ஆவ்ரம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அதை வடிவமைத்தபோது நோக்கம், அட்டையில் இருந்ததை ஒன்று விடாமல் கணினி நாடாவில் ஏற்றி மற்ற நூலகங்களுக்கு அனுப்புவது. அண்டாவில் இருப்பதைச் சொம்பில் ஊற்றிவிட்டு வழிகிறதே என்றால் சொம்பு என்ன செய்யும்?

ஆனால் எல்லாரும் ஏன் சொம்போடு நின்றோம் என்று கேட்டால், அங்கே ஒரு கதை இருக்கிறது. ஓஏஐ-பிஎம்ஹெச் அறுவடை நெறிமுறை (களஞ்சியங்களின் பதிவுகளை இன்னொரு தளம் திரட்டிக்கொள்வதற்கான விதி, 2.0 பதிப்பு 2002இல் வந்தது) எல்லாக் களஞ்சியமும் எளிய டப்ளின் கோரிலாவது பதிவைத் தர வேண்டும் என்றது. "இதிலாவது" என்றுதான் சொன்னது. மார்க் எக்ஸ்எம்எல், மாட்ஸ் மாதிரி விரிவான வடிவத்தையும் கூடவே தரலாம், அதற்கு வழியும் வைத்திருக்கிறது. நாம் என்ன செய்தோம்? கட்டாயமானதை முடித்துவிட்டுக் கடையைச் சாத்தினோம்.

என் அனுபவம் ஒன்று. ஒரு கூட்டுத் தேடல் தளத்துக்காகப் பல இடங்களிலிருந்து பதிவுகளை அறுவடை செய்தோம். "ஆண்டறிக்கை" என்று தேடினால் பக்கம் பக்கமாக வரும். எந்த அமைப்பின் ஆண்டறிக்கை என்று எந்தப் பதிவிலும் இல்லை. ஏனென்றால் அவரவர் வீட்டுக்குள் அது அவரவர் ஆண்டறிக்கைதானே, யாருக்குச் சொல்ல வேண்டும்? சரிபார்ப்பில் எல்லாம் தேறியிருந்தது. இதற்கு நம் துறையில் ஒரு பெயரே உண்டு: "குதிரைமேல்" சிக்கல். தியோடர் ரூஸ்வெல்ட் சேகரிப்பில் ஒரு படத்துக்கு "குதிரைமேல்" என்று தலைப்பு. சேகரிப்புக்குள் இருக்கும்வரை குதிரைமேல் யார் என்று கேட்க வேண்டியதில்லை. வெளியே வந்த நிமிடமே குதிரை மட்டும்தான் மிச்சம்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். லோயிஸ் மாய் சான், மார்சியா லெய் ஜெங் இருவரும் 2006இல் ஒத்தியங்கலை ஸ்கீமா, பதிவு, களஞ்சியம் என்று மூன்று மட்டமாகப் பிரித்து எழுதினார்கள். உன் நெறியாளர் கேட்கும் அட்டவணை முதல் மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. உனக்கு வலித்தது இரண்டாவதில். அங்கேயே உட்கார்.

எப்படி அளப்பது? எத்தனை புலம் காணாமல் போனது என்று எண்ணாதே. 300இல் நூலின் உயரம் சென்டிமீட்டரில் போனதும், 700இல் மொழிபெயர்ப்பாளர் போனதும் எண்ணிக்கையில் ஒன்றுதான். வாசகருக்கு ஒன்றா? 1998இன் எஃப்ஆர்பிஆர் (நூற்பதிவு பயனருக்கு எதற்கு உதவ வேண்டும் என்று வகுத்த கருத்துமாதிரி) நான்கு பயனர் பணிகளைச் சொல்கிறது: கண்டுபிடி, இனங்காண், தேர்ந்தெடு, பெறு. 2017இல் வந்த இஃப்லாவின் (சர்வதேச நூலகக் கூட்டமைப்பு) அடுத்த மாதிரியான எல்ஆர்எம் "துழாவு" என்று ஐந்தாவதைச் சேர்த்தது. ஒவ்வோர் இழப்பும் இதில் எந்தப் பணியை முடக்குகிறது என்று குறி. உன் நாவலையே எடு. கண்டுபிடிக்கலாம், தலைப்பு இருக்கிறது. பெறலாம். ஆனால் ஒரே நாவலுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. இப்படிச் சொன்னால் அதைப் புலம்பல் என்று யார் சொல்வார்?

நாலாயிரமும் வேண்டாம். ஒரு இருநூறு போதும். அதில் மொழிபெயர்ப்பு, தொடர் வெளியீடு, பல தொகுதி நூல் எல்லாம் விகிதம் பார்த்து இருக்கட்டும்.

டோக்கன்_காலாவதி

மேடம் சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் கை தூக்குகிறேன். நான் களஞ்சிய மென்பொருள் பக்கம் இருப்பவன், பட்டியலாக்கம் படித்தவன் இல்லை. ஆனால் இழப்பெல்லாம் கிராஸ்வாக்கில்தான் நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு முன்னாலேயே நடப்பது உண்டு.

உதாரணம், "கொ". இதை இரண்டு விதமாக உள்ளிடலாம்: க-வுக்குப் பிறகு ொ என்ற ஒரே குறி, அல்லது ெ, ா என்று இரண்டு குறி. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பைட்டில் வேறு. என்எஃப்சி இயல்பாக்கம் (இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே வடிவாக்குவது) செய்யாமல் இரண்டு களஞ்சியப் பதிவுகளைச் சேர்த்தால் ஒரே ஆசிரியர் இரண்டு பேராகிவிடுவார். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், தெரிந்தால்தானே!

இன்னொன்று. மார்க்கின் பரிமாற்ற வடிவத்தில் ஒரு புலத்தின் நீளத்துக்கு நான்கு இலக்கம்தான், அதாவது 9,999 வரை. யூனிகோடு பதிவில் அதை பைட்டாக எண்ணுவார்கள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். நீளமான உள்ளடக்கக் குறிப்பை 505இல் போட்டால் ஆங்கிலத்தில் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும். மீறினால் சில மென்பொருள் சத்தமில்லாமல் வெட்டும். நீங்கள் எக்ஸ்எம்எல் ஆக்கும்போது "மார்க்கில் இருந்தது" என்று நினைப்பது ஏற்கெனவே வெட்டுப்பட்டதாக இருக்கலாம்.

தேதிக்கு ஒரு வழி: 008இலிருந்து எடுங்கள், 264இலிருந்து வேண்டாம். 264 மனிதர் படிக்க எழுதிய வாசகம். 008இல் க்யூ, 1980, 1989 என்று கணினிக்குப் புரியும்படி ஏற்கெனவே இருக்கிறது. அதை ஈடிடிஎஃப் (உறுதியில்லாத தேதிகளையும் எழுத உதவும் முறை) வடிவில், 198க்குப் பின் ஓர் எக்ஸ் போட்டு எழுதலாம். 2019இல் ஐஎஸ்ஓ 8601இன் இரண்டாம் பகுதியாகவே அது வந்துவிட்டது. உங்கள் மென்பொருள் அதைப் படிக்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். என்னுடையது படிக்கவில்லை, திட்டித் தீர்த்துவிட்டு நானே நிரல் எழுதினேன்.

வரைபடம்

மன்னிக்கவும், ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமப்படுவதற்கு மார்க்குக்கு மாற்றாக வரும் பிப்ஃபிரேம் தரவு மாதிரிக்கே நேராகப் போனால் என்ன? காங்கிரஸ் நூலகமே 2011இல் அந்த முயற்சியைத் தொடங்கிவிட்டதே. மார்க்கிலிருந்து மாற்றும் நிரலையும் அவர்களே தருகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் உறவு அதில் அப்படியே நிற்கும்.

அட்டைப்பெட்டி

நிற்கும் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அவள் கேட்டது எந்தத் தரநிலை நல்லது என்று இல்லை. பிப்ஃபிரேமில் வொர்க், இன்ஸ்டன்ஸ், ஐட்டம் என்று மூன்று அடுக்கு. எல்ஆர்எம்மில் நான்கு. மூலநாவலும் மொழிபெயர்ப்பும் எல்ஆர்எம்மில் ஒரே படைப்பின் இரண்டு வெளிப்பாடுகள். பிப்ஃபிரேமில் மொழிபெயர்ப்பே தனி வொர்க்காக நின்று, மூலத்தோடு ஓர் உறவால் கட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே போய்வரும்போது இதே தலைவலி வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். அங்கே போனாலும் அளக்கும் கருவி வேண்டும், அதை முதலில் செய்யட்டும்.

டோக்கன் சொன்ன 008 யோசனை நல்லது. ஆனால் 008ஐ எல்லாரும் ஒழுங்காக நிரப்பியிருப்பார்கள் என்று நம்புகிறார் பாருங்கள், அங்கேதான் அவர் பட்டியலாக்கம் படிக்காதவர் என்று தெரிகிறது!

நூலடுக்கு

பத்து நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். இருநூறுக்கு முன்னால் இருபதை மட்டும் கையால் பார்த்தேன், எல்லாம் மொழிபெயர்ப்பு நூல்கள். தாளில் ஐந்து கட்டம் போட்டு, ஐந்து பணிகளுக்கும் குறித்துக்கொண்டே போனேன்.

முதல் ஆறு பதிவு எதிர்பார்த்தபடியே. தேர்ந்தெடு, இனங்காண் இரண்டும் அடிபடுகின்றன, கண்டுபிடி பெரும்பாலும் தப்புகிறது. ஏழாவது பதிவில் நின்றுவிட்டேன். 700இல் பெயர் இருக்கிறது, உறவுச்சொல் இல்லை. 041இல் மூலமொழி இல்லை. 240 கிடையவே கிடையாது. மொழிபெயர்ப்பு என்ற செய்தி 245இல் "தமிழில்: இன்னார்" என்று பொறுப்புரையில் (ஆசிரியர் முதலியோர் யார் என்று சொல்லும் பகுதி) மட்டும் வாக்கியமாகக் கிடக்கிறது. கிராஸ்வாக் அதைத் தொடவில்லை, தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. இது எதில் சேரும்? இழப்பு என்று சொல்ல, மார்க்கில் அது கணினிக்குப் புரியும்படி இருந்ததே இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது, படிப்பவருக்கு அச்சடித்ததுபோல இருக்கிறது. இருபதில் ஒன்பது இப்படி.

"கொ" விஷயமும் சோதித்தேன். ஓர் ஆசிரியர் இரண்டாக இருக்கிறார். அண்ணா, நன்றி, இல்லையென்றால் இதைக் கிராஸ்வாக் கணக்கில் எழுதியிருப்பேன்.

அட்டைப்பெட்டி

அந்த ஒன்பதுக்குத் தனிக் கட்டம் போடு, ஆறாவதாக. பெயர் இப்போதைக்கு "மூலத்திலேயே வாக்கியமாக" என்று இருக்கட்டும், நல்ல பெயர் பிறகு வரும். இருநூறிலும் இதே விகிதம் வந்தால் உன் ஆய்வுக்கேள்வியே மாறும். கிராஸ்வாக் எவ்வளவு தொலைக்கிறது என்பதோடு, அது தொலைக்க நாம் எவ்வளவு கொடுத்தோம் என்பதும் சேரும். நெறியாளரிடம் ஏழாவது பதிவை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டு. அட்டவணை பற்றிப் பேச்செடுத்தால், ஸ்கீமா மட்டத்துக்கு அரைப் பக்கம் தருகிறேன் என்று சொல்.

அப்புறம், பத்து நாள் காணவில்லையே என்று டோக்கன் என்னிடம் தனிச் செய்தியில் கேட்டார். எழுதிவிட்டுப் போம்மா.