[கலைச்சொல்] மாண்டுவா, மண்டுவா, மந்துவா? வெள்ளிக்குள் சொல்லுங்கள்

தேஜோன்வாசி எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம்.

கொரியாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்காக நாங்கள் சிலர் ஒரு கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சாப்பாட்டு அத்தியாயத்தில், கொரியரின் mandu என்ற பண்டத்தின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மாட்டிக்கொண்டேன்.

வரைவில் "மாண்டு" என்று எழுதியிருந்தேன். "இரவு பத்து மணிக்குப் பசித்தாலும் மாண்டு சாப்பிடலாம்" என்ற வரியின் ஓரத்தில், "மாண்டபிறகு எதற்கம்மா சாப்பாடு?" என்று மெய்ப்புத் திருத்தியவர் குறித்து அனுப்பிவிட்டார். குறிலாக்கினால் "மண்டு". "முதல் வருடம் முழுக்க மண்டுவோடுதான் காலம் தள்ளினேன்" என்று எழுதினால் என் அறைத்தோழி சும்மா விடமாட்டாள்.

தெரியாதவர்களுக்கு: மெல்லிய கோதுமைத் தோலுக்குள் பன்றிக்கறி, பிழிந்த டோஃபு, பூண்டுத்தாள், சேமியா மாதிரியான கண்ணாடி நூடுல்ஸ் எல்லாம் பொடியாக நறுக்கி வைத்து, பிறை வடிவில் மடித்தது. ஆவியில் வெந்தால் ஜின்மந்து, கல்லில் போட்டால் குன்மந்து, தண்ணீரில் கொதித்தால் முல்மந்து. உள்ளே வைப்பதற்குப் பெயர் ஸோ. தோலுக்கு அவர்கள் சொல்லும் ஓரெழுத்துச் சொல்லை மட்டும் தமிழில் எழுத முடியாது. எழுதினால் கையேட்டை யாரும் சாப்பாட்டு மேசையில் வைக்க மாட்டார்கள்.

இந்த "ஸோ"வால் நான் பட்ட பாடு தனிக்கதை. எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. வந்த புதிதில் கொரிய எழுத்தை மட்டும் கூட்டிப் படிக்கத் தெரியும். கொரிய மொழியில் ஸோ என்றால் மாடு. எந்தப் பொட்டலத்தைத் திருப்பினாலும் பின்பக்கம் "மந்துஸோ" இத்தனை விழுக்காடு என்று போட்டிருந்தது. மூன்று வாரம் எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தேன். அப்புறம் ஆய்வகத்து அக்கா ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்த ஸோ வேறு, இந்த ஸோ வேறு என்று சொல்லிக்கொடுத்தார். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரக்கூடாது. உதவுங்கள்.

நெல்லைக்காரன்:

மோமோ என்று போட்டு வேலையை முடியுங்கள். சென்னையில் தெருவுக்குத் தெரு மோமோ கடை. பத்தாவது படிக்கிற பையனுக்கும் தெரியும்.

ஓலைச்சுவடி:

தம்பி, திபெத்துக்காரன் சொல்லை வைத்துக் கொரியாக்காரன் பண்டத்தைத் தமிழனுக்கு விளக்குவானேன்?

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் இரவைப் பாடும்போது "கவவொடு பிடித்த வகையமை மோதகம்" என்கிறார். கவவு என்றால் உள்ளே இடும் பொருள். "கவவகத் திடுமே" என்று தொல்காப்பியர் உரியியலில் பொருளும் சொல்லி வைத்திருக்கிறார். ஆக, உள்ளீட்டுக்குக் கவவு, பண்டத்துக்குக் கவவடை. நீரில் வெந்தால் நீர்க்கவவடை. இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையுமா?

நெல்லைக்காரன்:

பொருத்தமெல்லாம் சரி ஐயா. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல் கட்டியவர்கள் பாவம் இல்லையா?

யாழ்நிலா:

எனக்கு இதில் என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை. பிறை வடிவில் மடித்து, விளிம்பைப் பல்லுப் பல்லாக அமுக்கி, ஆவியில் அவித்தால் எங்கட ஊரில் அது கொழுக்கட்டைதானே. உருண்டையாகப் பிடித்து மேலே கூம்பு வைத்தால் மோதகம். பிள்ளைக்குப் பல்லு முளைத்தால் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுகிறோம். தேஜோன் தங்கச்சி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அம்மம்மா ஆவியில் அவிக்கிற ஓலைப்பெட்டி, அந்த நீத்துப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. "கொரியக் கொழுக்கட்டை" என்று எழுதுங்கோ, போதும்.

வேர்தேடி:

எல்லாரும் கிளையில் தொங்குகிறீர்கள். வேரைப் பாருங்கள். மந்துவின் மூலம் சீனத்து மன்தோ. மூன்றாம் நூற்றாண்டில் சூகே லியாங் என்ற தளபதி ஆற்றுத் தெய்வத்துக்கு மனிதத் தலைகளைப் பலியிட மறுத்து, அதற்குப் பதிலாக மாவில் தலை செய்து கறி அடைத்துப் போட்டான் என்று ஒரு கதை உண்டு. தலை! தமிழில் மண்டை! போதாததற்கு, சங்க காலத்துப் பாணர் கையில் ஏந்திய உண்கலத்துக்கும் மண்டை என்றுதான் பெயர். தலையும் உணவும் ஒரே சொல்லில். 1905-லேயே ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களைப் பாருங்கள்: அப்பா, அம்மா, நான், நீ...

மட்டுறுத்துநர்:

அப்பா அம்மாவுக்கும், கடல் கடந்து வந்து கொரிய மன்னனை மணந்ததாகக் கதை சொல்லும் அயுத்தா இளவரசிக்கும் ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. அங்கே போகலாம்.

நெல்லைக்காரன்:

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சீனச் சொல்லில் தலையைக் குறிப்பது பின்பாதியான "தோ". உங்கள் மண்டை முன்பாதியில் அல்லவா இருக்கிறது? தவிர, இன்று சீனாவின் பெரும்பகுதியில் மன்தோ என்றால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஆவிரொட்டி. அதே எழுத்துகளை ஜப்பானியர் மன்ஜூ என்று படிக்கிறார்கள். அங்கே அது பயறு வைத்த இனிப்பு. பெயர் ஒன்று, பண்டம் மூன்று. பெயரின் வேரைத் தோண்டினால் பண்டம் கிடைக்காது.

தேஜோன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓலைச்சுவடி ஐயா, கவவு அழகான சொல். ஆனால் தேகூ நகரத்தில் நப்ஜாக்மந்து என்று ஒன்று விற்கிறார்கள். நப்ஜாக் என்றால் தட்டை. உள்ளே நாலு கண்ணாடி நூடுல்ஸ் துண்டு, கொஞ்சம் பூண்டுத்தாள், அவ்வளவுதான். மடித்த தோலைக் கல்லில் போட்டு எடுத்து, மிளகாய்த்தூள் கலந்த சோயா சாற்றை மேலே ஊற்றித் தருவார்கள். கவவே இல்லாத கவவடை! அதை என்ன செய்வது?

யாழ்நிலா அக்கா, வடிவத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கொழுக்கட்டை என்றதும் அரிசிமாவு என்று நினைத்துவிடுவார்கள். இங்கே புத்தாண்டன்று அரிசிப் பலகார வில்லைகள் போட்ட சூப் குடிப்பார்கள். வடபகுதி வழக்கப்படி அதில் மந்துவும் மிதக்கும். ஒரே கிண்ணத்தில் இரண்டும் கிடக்கும்போது எது கொழுக்கட்டை?

முக்கியமாக, இந்தக் கையேடு கடைக்குப் போகிறவர்களுக்கு. கடையில் நின்று மோமோ, கவவடை என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. உறைபெட்டியில் இரண்டு பைகளை ஒட்டுநாடாவால் கட்டி ஒன்றின் விலைக்கு விற்பார்கள். ஆசைப்பட்டு வாங்கி வந்தால், ஒற்றை அறைக் குளிர்பெட்டியில் ஒன்றுதான் நுழையும். மற்றொன்றை அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். கிம்ச்சி (காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோசு) மந்து என்று இருந்தால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் பன்றி இருக்கும் என்றும் எழுதியிருக்கிறேன். த்வேஜிகொகி என்றால் பன்றிக்கறி, ஸோகொகி என்றால் மாட்டுக்கறி. ஆகவே கொரியப் பெயர் இருந்தே ஆக வேண்டும். எழுத்துக்கூட்டல்தான் கேள்வி.

நெல்லைக்காரன்:

அப்படியானால் "மந்து". ன் என்ற மெய்யை அடுத்து ட வராது என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், அதனால் மன்டு போயிற்று. மண்டு, மாண்டு இரண்டும் மானத்தை வாங்கும். காதால் கேட்டாலும் கொரியரின் அந்த எழுத்தில் நாக்கு பல்லைத்தான் தொடுகிறது. டகரத்துக்கு மடிவது போல மடியவில்லை. மந்து இலக்கணத்துக்கும் சரி, காதுக்கும் சரி.

யாழ்நிலா:

சரி, பெயரை விட்டுத் தருகிறேன். உள்ளீட்டுக்குப் பூரணம் என்றாவது போடுங்கோ.

ஓலைச்சுவடி:

பன்றிக்கறிப் பூரணமா? பிள்ளையார் தும்பிக்கையால் அடிப்பார். அது வடசொல் வேறு.

யாழ்நிலா:

மோதகமும் வடசொல்தான், ஐயா. மருதனார் அடி வாங்கினாரோ?

தேஜோன்வாசி:

தோலுக்கு என் பாட்டி ஒரு சொல் சொல்வார்: சொப்பு. "சொப்பு விரிசல் விடாமல் செய்யடி" என்பார். கோதுமைக்கும் பொருந்துமா?

(யாரும் மறுக்கவில்லை. இந்த இழையில் ஒருமனதாக முடிந்தது இது ஒன்றுதான். – மட்டுறுத்துநர்)

நெல்லைக்காரன்:

சொப்பு, அருமை. குன்மந்துவுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? பொரித்த மந்துவா, வறுத்த மந்துவா?

தேஜோன்வாசி:

அதில்தான் எனக்கும் தடுமாற்றம். வீட்டில் செய்வது இப்படி: உறைந்ததை உருக விடக்கூடாது, விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு கரண்டி எண்ணெயில் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, அடி லேசாகச் சிவந்ததும் அரை தம்ளர் தண்ணீர் ஊற்றி உடனே மூடிவிட வேண்டும். கை தாமதித்தால் முகத்தில் தெறிக்கும். நாலைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கும். தண்ணீர் சுண்டியதும் சத்தம் மாறிச் சடசடக்கும். அப்போது மூடியைத் திறந்து இன்னும் ஒரு நிமிடம். முதல்முறை அவசரப்பட்டுப் புரட்டினேன். சொப்பு கல்லோடு நின்றுவிட்டது, உள்ளே இருந்தது மட்டும் தோசைக்கரண்டியோடு வந்தது.

ஆனால் இங்குள்ள சீன உணவகங்களில் பெரிய சாப்பாட்டோடு இலவசமாகத் தரும் குன்மந்து எண்ணெயில் முழுக்கப் பொரித்ததாக இருக்கும். இரண்டுக்கும் கொரியர் ஒரே பெயர்தான் சொல்கிறார்கள்.

ஓலைச்சுவடி:

இதற்கு ஏன் தடுமாற்றம்? தோசையும் சுடுகிறோம், வடையும் சுடுகிறோம். ஒன்று கல்லில், ஒன்று எண்ணெயில். சுட்ட மந்து. (மந்து என்று எழுதியதை என் ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம்.)

மட்டுறுத்துநர்:

மந்துவுக்கு ஆறு பேர், கொரியக் கொழுக்கட்டைக்கு மூன்று, கவவடைக்கு ஒன்று, மண்டைக்கு ஒன்று. பத்து பேர் பதிலே சொல்லவில்லை. வியாழன் இரவு ஆகிவிட்டது.

தேஜோன்வாசி:

மந்து, சொப்பு, சுட்ட மந்து, அவித்த மந்து, நீர் மந்து என்று அனுப்பிவிட்டேன். ஸோவுக்கு "உள்ளீடு (மாடு அல்ல)" என்று அடைப்புக்குறியோடு போட்டாயிற்று. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "கொழுக்கட்டை போன்ற" என்று சேர்த்திருக்கிறேன், யாழ்நிலா அக்காவுக்காக.

வேர்தேடி:

துருக்கியில் இதையே மன்ட்டி என்கிறார்கள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஓலைச்சுவடி:

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். நாளைக்கு வீட்டில் முட்டைக்கோசும் டோஃபுவும் வைத்துக் கவவடை செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். தொட்டுக்கொள்ள சோயா சாறும் வினிகரும் என்ன அளவு அம்மா?