ஒட்டன்சத்திரம் உறவுகள் வாட்ஸ்அப் குழு: சனிக்கிழமை இரவுப் பேச்சு

அண்ணி: பாப்பாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடச் சொல்கிறார் குழந்தை மருத்துவர். இப்போது போட்டால் இரண்டு தவணையாம், பதினைந்து வயதானால் மூன்றாம். போடலாமா அண்ணி?

செவிலியர் அக்கா: தாராளமாகப் போடலாம். மார்ச் 2025 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக நம் தமிழ்நாட்டு அரசும் அறிவித்தது. அதற்குக் காத்திருப்பதா, காசு கொடுத்துப் போடுவதா என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். பதினைந்தைத் தாண்டவிடாதே.

அம்மா: பச்சைப் பிள்ளைக்கு எதற்கு அந்த ஊசி? நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது?

செவிலியர் அக்கா: அம்மை ஊசி போட்டபோது யாராவது கேட்டார்களா சித்தி? இந்தப் புற்றை உண்டாக்கும் கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்த நோய் வரவில்லை என்று 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது.

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது* தடுப்பூசி போட்ட 7 சிறுமிகள் மரணம்!! பெண் பிள்ளைகளைப் பெற்ற அனைவருக்கும் அனுப்பவும்!!

நான்: ஆரம்பித்துவிட்டார்.

செவிலியர் அக்கா: அப்பா, இது 2010-ஆம் ஆண்டு விவகாரம். அப்போதைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சோதனைத் திட்டமாக ஊசி போட்டார்கள். ஏழு பேர் இறந்தது உண்மை. ஆனால் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வேறு. விசாரணைக் குழு ஊசியோடு தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை.

பெரியப்பா: பிறகு ஏன் திட்டத்தை நிறுத்தினார்கள்? நெருப்பில்லாமல் புகையாது.

செவிலியர் அக்கா: நெருப்பு வேறு இடத்தில் இருந்தது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள்தானே என்ற அலட்சியம். 2013-இல் நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. அந்தக் கோபம் நியாயமானது, மருந்தின்மேல் அதைக் காட்டுவதுதான் சரியில்லை.

பெரியப்பா: கேட்டுவிட்டுப் போட வேண்டும், அதைத்தான் நானும் சொல்கிறேன்.

நான்: அந்தச் செய்தியில் அப்படி ஒரு வரிகூட இல்லையே பெரியப்பா!

செவிலியர் அக்கா: சரி, பாப்பாவைப் பற்றிப் பேசியாகிவிட்டது. இந்தக் குழுவில் முப்பதைத் தாண்டிய பெண்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டீர்கள்?

அண்ணி: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே அண்ணி.

செவிலியர் அக்கா: தொந்தரவு இல்லாதபோதுதான் செய்ய வேண்டும். கிருமி தங்கிப் புற்றாக மாறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பிடித்தால் பெரிய அறுவைச் சிகிச்சை இல்லாமலே முடித்துவிடலாம். வலி வரும்வரை காத்திருப்பவர்களைத்தான் நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

அம்மா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

அத்தை: நான் செய்துகொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. அம்பிளிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாக வந்து கூப்பிட்டார்கள். உங்கள் மாமாவிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். காடி மாதிரி ஒன்றைத் தடவி ஒரு நிமிடம் பார்த்தார்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் உறையவைத்து எடுத்துவிட்டார்கள். மறுநாள் களை பறிக்கப் போகக் கூடாது என்றார்கள், அதற்குத்தான் பொய் சொல்லச் சிரமப்பட்டேன்.

நான்: இதை இத்தனை வருடம் சொல்லவே இல்லையே அத்தை?

அத்தை: யார் கேட்டீர்கள்?

செவிலியர் அக்கா: அத்தை, அது உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆய்வு. திண்டுக்கல் மாவட்டத்தில் அப்படிப் பார்த்த ஊர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுவதற்கும் இரண்டு பேர்கூட இல்லை.

பெரியப்பா: பெண்கள் சமாசாரம். நாங்கள் வேண்டுமானால் குழுவைவிட்டு விலகிக்கொள்கிறோம்.

செவிலியர் அக்கா: இருங்கள் அப்பா. இந்தக் கிருமி பெண்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? ஆண்களிடமிருந்துதான்.

அண்ணன்: நான் விலகவில்லை. வேலைக்கு விடுப்பு சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

நான்: அம்மா, நீ அழிப்பதற்குள் படித்துவிட்டேன். அக்காவுக்குத் தனியாக அனுப்பு, இல்லையென்றால் நான் அனுப்புவேன்.

செவிலியர் அக்கா: சித்தி, அனுப்பியதைப் பார்த்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும். உங்களை நேராகத் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன். திங்கட்கிழமை.

அம்மா: எல்லார் முன்னாலும் எழுத வேண்டுமா?

அத்தை: எழுதட்டும் அண்ணி. துணைக்கு நானும் வருகிறேன்.

செவிலியர் அக்கா: மற்றவர்கள் வியாழக்கிழமை எங்கள் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். பத்து நிமிட வேலை, காசு கிடையாது. மாதவிலக்கு நாளாக இருந்தால் மட்டும் அடுத்த வாரம்.

பெரியப்பா: திங்கள், வியாழன் இரண்டு நாளும் நம் வண்டி வரும். காலை எட்டரை மணி. பொட்டு வைக்க நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.