ஜெபிக்க வாய் வராத நாட்களில்: நமக்காகப் பரிந்து பேசுகிற கிறிஸ்துவை அறிந்த அனுபவங்கள்

திருகோணமலை நகரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்:

கிறிஸ்துவின் அருகாமையை உணர்ந்த வேளையைப் பற்றி எழுதும்போது பெரும்பாலானோர் ஒரு கனவையோ, சுகம் கிடைத்த நாளையோ, கேட்ட ஜெபத்துக்குக் கிடைத்த பதிலையோ எழுதுகிறார்கள். அவற்றை வாசித்து நானும் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் எனக்கு அவர் கிட்டிவந்தது ஓர் உபதேசத்தின் வழியாக. விசுவாசப் பிரமாணத்தில் ஞாயிறுதோறும் எழுந்து நின்று நாம் சொல்லுகிற, சொல்லிவிட்டு அமர்ந்ததும் மறந்துபோகிற ஒரு வரி இருக்கிறது: அவர் பரமண்டலத்துக்கு ஏறி, பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருக்கிறார் என்பது. நத்தாரையும் பெரிய வெள்ளியையும் உயிர்த்த ஞாயிறையும் சிறப்பாகக் கொண்டாடுகிற எங்கள் சபைகளில், உயிர்ப்புக்குப் பின் நாற்பதாம் நாளில் வருகிற பரமேறுதல் திருநாள் பெரும்பாலும் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. அது எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால், என் வீட்டில் மிகக் கடினமான காலம் வந்தபோது என்னைத் தாங்கியது அந்த வரிதான்.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபின், கிழமை தவறாமல் இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்குப் போய்வந்தோம். ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடக்கையில் ஒரு சிறிய சத்திரசிகிச்சை செய்து நாளத்தைப் பெருக்கச் செய்திருந்தார்கள். அதன்மேல் விரல்களை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அது நின்றுவிட்டால் உடனே வரவேண்டும் என்று தாதி சொல்லியிருந்தபடியால், ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அவர் விழிக்கும் முன்பே அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த வேளையில்தான் ஜெபிக்கவும் முயல்வேன். "ஆண்டவரே" என்பதற்கு அப்பால் ஒரு சொல்லும் எழாது. பாடசாலையில் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று காலை ஜெபம் சொல்லிப் பழகிய எனக்கு, என் வீட்டுக் கட்டிலருகே ஒரு வாக்கியம்கூட முடிக்க வரவில்லை.

சபையார் பார்க்க வந்தார்கள், அன்பினால்தான் வந்தார்கள். "விசுவாசத்தோடு கேளுங்கோ அக்கா, கட்டாயம் சுகம் வரும்" என்றார் ஒருவர். "உபவாசமிருந்து இன்னும் ஊக்கமாய் ஜெபியுங்கோ" என்றார் இன்னொருவர். ஜெபமே எழாத ஒருத்தியிடம் இப்படிச் சொல்லும்போது, கணவருடைய உயிர் தன் ஜெபத்தின் பலத்தில்தான் தங்கியிருக்கிறது என்று அவள் எண்ணத் தொடங்குவாள். இந்த விதமான ஆறுதல் நம் சபைகளில் மிகச் சாதாரணமாகிவிட்டது. அது கிறிஸ்துவுக்குரிய ஊழியத்தை எடுத்து, களைத்துப்போன ஒரு மனுஷியின் தோளில் ஏற்றிவைக்கிறது என்பதனால், அது தவறான உபதேசம் என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் போதகர் ஒரு மாலையில் வந்து, அதிகம் பேசாமல், லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இரண்டு வசனங்களை மாத்திரம் வாசித்தார். சேவல் கூவுவதற்கு முன்னே பேதுரு மறுதலிக்கப்போகிறான். அதை அறிந்திருந்த இயேசு, அவன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்குத் தாம் அவனுக்காக வேண்டிக்கொண்டதாக அவனிடமே சொல்லுகிறார். பேதுரு அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. தனக்கு அப்படி ஒரு ஜெபம் தேவைப்படும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவன் விழுவதற்கு முன்பே அவனுக்கான ஜெபம் பிதாவிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு போதகர் எபிரெயர் 7:25ஐ எடுத்து, கிறிஸ்து எப்பொழுதும் உயிரோடிருக்கிறார், தம் மூலமாய்த் தேவனிடத்தில் சேருகிறவர்களுக்காக வேண்டுதல் செய்கிறார் என்று வாசித்துவிட்டு, "உங்களுக்கு ஜெபிக்க ஏலாவிட்டால் பரவாயில்லை அம்மா, இந்த வீட்டுக்காக ஜெபிக்கிறவர் ஓயவில்லை" என்று சொல்லி எழும்பினார்.

அவர் போனபின் எபிரெயர் நிருபம் முழுவதையும் வாசித்தேன். அது என்னை யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்துக்குக் கொண்டுபோனது. இஸ்ரவேலின் முதல் பிரதான ஆசாரியனாகிய ஆரோனுடைய தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள், ஒவ்வொன்றிலும் இஸ்ரவேல் கோத்திரங்களின் ஆறு பெயர்கள். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பிரதான ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் சுமந்துகொண்டு போகவேண்டும் என்பது கட்டளை. சிறுவயதில் ஓய்வுநாள் பாடசாலையில் இந்தக் கற்களின் பெயர்களை ஒப்புவித்திருக்கிறேன். அவை ஆசாரிய உடையின் அலங்காரம் என்ற அளவிலேயே மனதில் நின்றன. இப்போது அந்த அதிகாரம் வேறுவிதமாய்ப் பேசியது. வெளியே நிற்கிற ஜனங்கள் பேசினாலும் பேசாமலிருந்தாலும், அவர்களுடைய பெயர்கள் உள்ளே போய்விடுகின்றன. கிறிஸ்துவே நம் பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் நிருபம் அறிவிக்கும்போது, என் கணவருடைய பெயரும் என் பெயரும் அப்படியே அவருடைய இருதயத்தின்மேல் இருக்கின்றன என்று விசுவாசித்தேன்.

இன்னுமொன்றையும் எழுதவேண்டும், ஏனென்றால் அது திருச்சபை இரத்தம் சிந்திக் காத்த சத்தியம். கிறிஸ்துவுக்குத் தெய்வீகச் சித்தம் ஒன்றுதான் இருந்தது, மனுஷ சித்தம் இல்லை என்று 7ஆம் நூற்றாண்டில் அரசனும் ஆயர்கள் பலரும் சொன்னபோது, மாக்சிமுஸ் என்ற துறவி அதை ஏற்க மறுத்தார். அதற்காக 662ஆம் ஆண்டில் அவருடைய நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. நாடுகடத்தப்பட்ட இடத்தில் அதே ஆண்டில் இறந்தார். 680, 681ஆம் ஆண்டுகளில் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கம், கிறிஸ்துவில் தெய்வீகச் சித்தமும் மனுஷ சித்தமும் இரண்டும் உண்டு என்று அறிக்கையிட்டது. இது பண்டிதர்களின் வாதம் என்று ஒதுக்குகிறவர்கள், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனேயை நினைத்துப் பார்க்கட்டும். அவருக்கு மனுஷ சித்தம் இல்லையென்றால், "என் சித்தத்தின்படியல்ல" என்று அங்கே அவர் சொன்னது வெறும் பாவனையாகிவிடும். அது மெய்யான மனுஷ ஜெபமாக இருந்தபடியால்தான், பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் ஜெபிப்பது எப்படிப்பட்டது என்பதை அறிந்த ஒருவர் இன்று பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார். அவர் நம்முடைய மனுஷத்தன்மையைப் பூமியில் கழற்றிவைத்துவிட்டுப் போகவில்லை.

என் கணவர் சுகமாகவில்லை. அடுத்த மாரிகாலத்தில் ஆண்டவரிடம் போனார். கடைசி இரவில் அவருக்காக ஜெபிக்கும்படி பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். நான் நீண்ட ஜெபம் எதுவும் செய்யவில்லை. "இவருக்காக நீர் கேட்பதையே நானும் கேட்கிறேன் ஆண்டவரே" என்று சொல்லி, ஆமென் என்றேன். அந்த ஜெபத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்ற நிச்சயம் எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது.

உப்புவெளியிலிருந்து, கத்தோலிக்க மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்:

ஆசிரியை அம்மாவின் பகிர்வை வாசித்தபின் என் தந்தையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு என்பதால் திருவழிபாட்டு நாட்காட்டியில் அன்று திருக்குடும்ப விழா. அந்த நாளில்தான் கடல் எழும்பி வந்து, கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த என் தம்பியைக் கொண்டுபோனது. அதற்குப்பின் என் தந்தை ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்தவில்லை, ஆனால் எந்தச் செபத்துக்கும் பதில் சொல்லமாட்டார். செபமாலையைக் கையால் தொடமாட்டார். கடைசி வாங்கில் இருந்துவிட்டு எழும்பிப் போவார்.

உறவினர்கள் இதைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் முறையிட்டார்கள். அவர் என் தந்தையைக் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. பலிபீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படுவது கிறிஸ்துவின் பலி. நாங்கள் திறமையாகச் செபிப்பதனால் அது பலியாவதில்லை. உங்கள் அப்பா வந்து இருந்தாலே போதும் என்று எங்களுக்குச் சொன்னார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடும் இதைத்தான் கற்பிக்கிறது: திருவழிபாடு என்பது கிறிஸ்துவே தம் குருத்துவப் பணியை நிறைவேற்றுவது. திருப்பலியின் மையச் செபமாகிய நற்கருணை மன்றாட்டின் முடிவில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தந்தையாகிய இறைவனுக்கு மகிமை செலுத்தும்போது, மக்களுக்குரிய பகுதி "ஆமென்" என்ற ஒன்றுதான்.

ஆண்டுகள் சில சென்றபின் என் தந்தை அந்த ஆமெனைச் சொல்லத் தொடங்கினார். ஏன் என்று நான் கேட்டபோது அவர் தன் தொழிலை வைத்தே விளக்கினார். கரைவலை இழுக்கிற வேளையில், கையில் வலுவில்லாத கிழவனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இழுக்கிறவர்கள் இழுப்பார்கள், அவனுக்கும் பங்கு உண்டு. "நான் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், இழுத்தது அவர்" என்றார். இறையியல் படித்த எவரும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

டிசம்பர் 26 புனித ஸ்தேவானின் நாளும் ஆகும். அவர் கல்லெறிந்து கொல்லப்படுவதற்குச் சற்று முன்பு வானம் திறந்திருப்பதையும், மானிட மகன் கடவுளின் வலப்பக்கத்தில் நிற்பதையும் கண்டதாகத் திருத்தூதர் பணிகள் 7ஆம் அதிகாரம் கூறுகிறது. மற்ற இடங்களில் வீற்றிருக்கிறார் என்று சொல்லப்படுகிறவர் அங்கே நிற்கிறார். தம்பியின் நினைவுத் திருப்பலிக்கு ஆண்டுதோறும் இந்த வாசகத்தையே கேட்டு வைக்கிறோம்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர்:

நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, வளர்ந்தபின் திருமுழுக்குப் பெற்றவன். என் அம்மா இன்றும் கோணேசர் கோவிலுக்குப் போகிறவர். எனக்காக அங்கே அர்ச்சனை செய்கிறவர். அதனால் அவரோடு பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. மகன் கெஞ்சினால்தான் தந்தை இரங்குவார் என்றால், உங்கள் பிதா அவ்வளவு கடின மனம் உள்ளவரா என்று அம்மா கேட்டார்கள். எனக்கு நேரான பதில் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்து ஜெபிக்கிறார் என்றால் நாம் ஏன் ஜெபிக்க வேண்டும் என்பதும் எனக்கே உள்ள கேள்வி. அதோடு, ஜெபம் வராத நாட்களில் வாசிக்கத் தகுந்த சங்கீதங்கள் எவை என்பதையும் ஆசிரியை அம்மா எழுதினால் உதவியாக இருக்கும்.

திருகோணமலை நகரிலிருந்து, ஆசிரியை:

தம்பி, உங்கள் அம்மாவின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குரிய பதிலை ஆண்டவரே யோவான் 16ஆம் அதிகாரத்தில் தந்திருக்கிறார். உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லவேண்டியதில்லை, பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார் என்கிறார். ஆகவே கிறிஸ்துவின் வேண்டுதல், மனமில்லாத தகப்பனை மனம்மாற்றுகிற முயற்சி அல்ல. அவரை ஆசாரியராக ஏற்படுத்தியவரே பிதாதான். நம்மை நேசித்துத் தம் குமாரனை அனுப்பினவரும் அவர்தான். பிதாவுக்கு நம்மேல் உள்ள அன்பு, குமாரனுடைய வேண்டுதலாக நமக்கு முன்னால் நிற்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லும்போது வாதத்துக்காகச் சொல்லாதீர்கள். அவர் உங்களுக்காகக் கோவிலில் நின்று கேட்பதும் தாயன்பினால்தான் என்பதை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, 430இல் மறைந்த ஆயர் அகுஸ்தீன் 86ஆம் சங்கீதத்தை விளக்கும்போது சொன்னதையே நான் பிடித்துக்கொள்கிறேன். கிறிஸ்து நம் ஆசாரியராக நமக்காக ஜெபிக்கிறார், நம் தலையாக நமக்குள் ஜெபிக்கிறார், நம் தேவனாக நம்மால் ஜெபிக்கப்படுகிறார் என்பது அவருடைய போதனை. இதன்படி நாம் ஜெபிக்கும்போது புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஏறெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிற ஜெபத்தில் சேர்ந்துகொள்கிறோம். அதனால்தான் எங்கள் ஜெபம் ஒவ்வொன்றும் அவருடைய நாமத்தில் முடிகிறது. நாங்கள் ஜெபிப்பதை அவர் விரும்புகிறார்; நாங்கள் தடுமாறும்போது அவருடைய ஜெபம் தடுமாறுவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே விசுவாசிக்க வேண்டும். ஒன்றை விட்டால் சோம்பலும் மற்றதை விட்டால் பயமும் உள்ளே வந்துவிடும்.

சங்கீதங்களைப் பொறுத்தவரையில், 22, 31, 88 ஆகிய மூன்றையும் வாசியுங்கள். முதல் இரண்டிலும் உள்ள வார்த்தைகளை ஆண்டவர் சிலுவையில் தம் சொந்த ஜெபமாகச் சொன்னார். ஆகவே அவற்றை வாசிக்கும்போது அவரோடு சேர்ந்தே வாசிக்கிறீர்கள். 88ஆம் சங்கீதம் நன்றியோ துதியோ இல்லாமல் இருளிலேயே முடிகிறது. வேதாகமத்தில் அது அப்படியே விடப்பட்டிருக்கிறது. நீங்களும் கடைசியில் எதையும் சேர்க்காமல், அது முடிகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் வேலைக்குப் போகலாம்.