தாத்தா வீடு குழு: ஞாயித்துக்கெழமைக்குள்ள தாத்தா மோட்டோரு (ஹோண்டா பைக்கு) ஓடணும்

வியாழன்

செல்வி சித்தி: அப்பா தெவசத்துக்கு எத்தன பேருன்னு இன்னிக்கி ராத்திரிக்குள்ள சொல்லுங்க. சமையல் அக்கா மூணாவது தடவையா கேட்டுட்டாங்க

தர்ஷினி: நாங்க 4

அம்மா: நாங்க 3. மேகலாவுக்கு லீவு கெடச்சா

நான்: கெடச்சிருச்சிம்மா

செல்வி சித்தி: ஆட்டுக்கறியா சைவமா அதையும் சொல்லுங்க

அம்மா: தெவசத்துக்கு யாராச்சும் கறி போடுவாங்களா

செல்வி சித்தி: அப்பா புரட்டாசியிலயே கறி கேட்ட மனுசன்

கவின்: 😂

பாட்டி: 🎤 1:18

பெரிய மாமா: எனக்குக் கேக்கல. 31 வருசம் மில்லு சத்தத்துல காது போச்சு. யாராவது எழுதுங்க.

நான்: பாட்டி சொல்றாங்க: "கறியோ சைவமோ என்னமோ பண்ணுங்க. படையல் போடுறப்ப தாத்தா மோட்டோரு ஓடணும். தெனம் காலையில அஞ்சரைக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பு மூட்டுவேன். இப்ப ஒரு வருசமா தார்ப்பாய்க்குள்ள கெடக்கு." அப்புறம் இருமுறாங்க. அப்புறம் கோழிய வெரட்டுறாங்க

சின்ன மாமா: அது ஓடாதும்மா. பழைய இரும்புக்காரன் 300 வெள்ளி (ரிங்கிட்) தரேன்னான். குடுத்துடலாம்னு இருக்கேன்

அம்மா: யாரக் கேட்டு

செல்வி சித்தி: யாரக் கேட்டு சின்னண்ணே

தர்ஷினி: ஓடுற ஹோண்டா ஈஎக்ஸ்5 என்ன வெல போவுது தெரியுமா சித்தப்பா. 300லாம் ஹெல்மெட்டு காசு

சின்ன மாமா: ஓடுறதுக்குத்தான் அந்த வெல. இது ஓடல

பெரிய மாமா: சேகர், விக்கிறது இருக்கட்டும். கிராண்ட் (வண்டிப் பத்திரம்) அப்பா பேர்ல இருக்கு. எறந்தவங்க பேர்ல இருக்கிற வண்டிய நீ கையெழுத்து போட்டு மாத்த முடியாது. அமானா ராயாவுக்குப் (எறந்தவங்க சொத்து பாக்குற ஆபீசு) போயி, சாவு சர்ட்டிபிகேட், நம்ம நாலு பேரு ஐசி (அடையாளக் கார்டு), அம்மா ஐசி எல்லாம் குடுத்து, அவங்க லெட்டர் குடுத்தப்புறம்தான் ஜேபிஜே (ரோடு போக்குவரத்து ஆபீசு) மாத்திக் குடுப்பான். மத்த வாரிசு ஒத்துக்கணும். நான் போன மாசமே சொன்னேன், எல்லாரும் ஒரு நாள் லீவு எடுங்கன்னு. யாரும் பதில் போடல. செல்வி மட்டும் கைகூப்புற படம் அனுப்பினா.

செல்வி சித்தி: அது வேற மெசேஜுக்கு அனுப்பினேன் அண்ணே

கவின்: பெரியப்பா நான் ஓட வைக்கிறேன். நாளைக்கி பாட்டி வீட்டுக்குப் போறேன். பி2 மோட்டோரு லைசன்சும் எடுத்துட்டேன்

பெரிய மாமா: நான் சொல்ற வரைக்கும் ஒதைக்காத.

வெள்ளி

செல்வி சித்தி: *முன்னனுப்பப்பட்டது* அவசரம்!! 15 வருசத்துக்கு மேல உள்ள எல்லா வண்டியும் அடுத்த மாசத்துலேர்ந்து இரும்புக் கடைக்கு!! ரோட்டக்ஸ் (ரோடு வரி) கெடையாது!! உடனே எல்லாருக்கும் பகிரவும்!!

சின்ன மாமா: பாத்தீங்களா. நான் சொன்னா கேக்க மாட்டீங்க

தர்ஷினி: அத்தை இது பழைய பார்வேர்டு. தீபாவளிக்கு முந்தியும் நீங்கதான் அனுப்புனீங்க

பெரிய மாமா: 2009ல அரசாங்கம் 15 வருசக் கணக்கு ஒன்னு சொல்லத்தான் செஞ்சது. ஊரே கத்தவும் கொஞ்ச நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. அந்தப் பயந்தான் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. 150 சிசிக்குள்ள மோட்டோருக்கு ரோட்டக்ஸ் ஒரு செலவே இல்ல. நமக்குச் செலவு இன்சூரன்சுதான்.

அம்மா: பேரு சொல்லுங்க, எத்தன பேரு. சேகரு உங்க வீட்டுல?

சின்ன மாமா: சாந்தியக் கேட்டு சொல்றேன்

கவின்: (படம்) பாட்டி வீட்டுக்கு வந்துட்டேன். தார்ப்பாய் எடுத்தாச்சி. கூட்டுக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு

தர்ஷினி: அய்யோ எத்தன

கவின்: 3. ஒன்னு ஆரஞ்சு

தர்ஷினி: ஆரஞ்சு எனக்கு

செல்வி சித்தி: பூனைய விடுங்க. கேசரியா பாயசமா

கவின்: பெரியப்பா ஒதைச்சிப் பாத்தேன். பேட்டரி செத்துப் போச்சி. அம்பது தடவ ஒதைச்சேன், ஒன்னும் இல்ல

பெரிய மாமா: அம்பது தடவையா????

பெரிய மாமா: ஒதைக்காதன்னு சொன்னேனே

கவின்: கைபழக்கம் பெரியப்பா

நான்: கால்

பெரிய மாமா: பேட்டரிய விடு. கார்ப்பு (கார்புரேட்டர்) வச்ச பழைய ஈஎக்ஸ்5க்கு பிளக் கரண்டு மேக்னட்டுலேர்ந்து வருது. பேட்டரி செத்தா ஹார்னு, சிக்னலு மாதிரி சாமான்தான் போவும். கிக்ல ஓடணும். ஓடலேன்னா ஒன்னு பெட்ரோலு, இல்ல பிளக்கு, இல்ல கம்ப்ரஷன். நாளைக்கிக் காலையில 8க்கு உக்காரு, நான் சொல்றேன்.

கவின்: ஓகே. அப்படியே எல்இடி லைட்டு, 428 செயினு, ரேசிங் எக்ஸோசும் போட்டுடலாமா? ஒரு 400 வெள்ளி ஆவும்

பெரிய மாமா: 97 சிசிக்கு 428 செயினா. அந்தக் கனத்த இழுக்கவே அதுக்கு மூச்சு பத்தாது. 420 போதும். எக்ஸோசு போட்டா முதல் ரோடு பிளாக்குலயே சம்மன். அதவிட, பாட்டி கேட்டது அந்தச் சத்தத்த. நீ வேற சத்தம் வாங்கிக் குடுக்கப் போறியா.

கவின்: சரி சரி

அம்மா: எங்க வீட்டுக்காரர் கிரிஸ் மோட்டோரு வாங்கினப்ப அப்பா கேட்டது ஞாபகம் இருக்கா அண்ணே. "நம்ம நாட்டுக் குருணுல செஞ்சதாமே, கொஞ்ச தூரமாச்சும் போவுமா"

செல்வி சித்தி: பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி ஜெயா கடை முன்னாடி அத்தான் கிரிஸ் செயினு கழண்டுச்சி. அப்பா ஈஎக்ஸ்5ல போயி ஏத்திட்டு வந்தாரு. மாப்பிள்ள பின்னால உக்காந்து வந்தத தோட்டமே பாத்துச்சி

அம்மா: வந்ததும் கை கழுவத் தண்ணி கேட்டாரு. கையெல்லாம் கிரீசு. அப்பா அதப் பாத்துட்டுத்தான் சரின்னாரு

நான்: அப்பா இதப் படிக்கிறாரு. "செயினு தளர்வா இருந்துச்சி, அது மோட்டோரு தப்பு இல்ல"ன்னு சொல்லச் சொல்றாரு

பெரிய மாமா: செயினு தளர்வா இருந்தா ஓட்டுனவரு தப்பு.

சனி

பெரிய மாமா: கவின், எழுந்தாச்சா. கவனமாப் படி. மொதல்ல பிளக்கக் கழட்டு, 16 பிளக் ஸ்பேனர். சுத்தியும் மண்ணு இருக்கும், ஊதிட்டுக் கழட்டு, இல்லாட்டி மண்ணு உள்ள விழும். பிளக்கு ஓட்டையில ஒரு ஸ்பூன் மிஞ்ஞா ஹித்தாம் (இஞ்சின் ஆயிலு) ஊத்து. பிளக்கு இல்லாமலே கையால கிக்க மெதுவா நாலு தடவ அமுக்கு. ஏன்னா உள்ள தண்ணி கிண்ணி இருந்தா அந்த ஓட்ட வழியா வெளிய வரும். பிளக்கு போட்டு ஒதைச்சா தண்ணி எங்க போவும்? தண்ணிய நசுக்க முடியாது. பிஸ்டன் கம்பிதான் வளையும். மில்லுல எங்க பம்ப்செட்டு ஒன்னு அப்படித்தான் போச்சு, புதுசா வந்த கிராணி ஒருத்தன்... சரி அத நேர்ல சொல்றேன். அப்புறம் கீழ 17 போல்டக் கழட்டி மிஞ்ஞாவ இறக்கு. வெள்ளத் தட்டுல புடி, கருப்புத் தட்டு வேணாம். நெறம் பாக்கணும்.

செல்வி சித்தி: அண்ணே காலையிலயே பாடமா

தர்ஷினி: அப்பா 5 மணிக்கே எழுந்து டைப் பண்ணிட்டு இருந்தாரு

அம்மா: 62 பேரு ஆச்சி. சேகரு வீட்டுக் கணக்கு இன்னும் வரல

கவின்: (படம்) பிளக்கு. கருப்பா ஈரமா இருக்கு

பெரிய மாமா: புதுசு வாங்கு. பத்து வெள்ளிக்குள்ள.

கவின்: (படம்) பெரியப்பா, போல்ட கழட்டினேன். மொதல்ல தண்ணி வந்துச்சி. சுத்தமான தண்ணி இல்ல, துரு நெறத்துல. அரை கிளாசு இருக்கும். அதுக்கு அப்புறம் வந்தது தே தாரிக் (ஆத்துன பால் டீ) மாதிரி இருக்கு

தர்ஷினி: நுரையோட 😳

பெரிய மாமா: ஒதைச்சியே அம்பது தடவ, அதுல கலந்தது அந்த தே தாரிக். கீழ தங்கின தண்ணி தனியா வந்துச்சி.

பெரிய மாமா: சும்மா நிக்கிற வண்டியில வேர்க்கிற தண்ணி ஒரு ஸ்பூனுக்கு மேல வராது. அரை கிளாசு வந்தா வெள்ளம். கவர் உள்பக்கம் பாரு, மண்ணுக் கோடு இருக்கா?

கவின்: (படம்) இருக்கு. ஃபூட்ரெஸ்டுக்கு மேல, கார்ப்பு கிட்ட வரைக்கும்

பெரிய மாமா: சேகர்.

பெரிய மாமா: ஆத்துத் தண்ணி ஏறுனப்ப போன்ல என்ன சொன்ன. ரெண்டு பேரப் புடிச்சி மோட்டோர வராந்தாவுல ஏத்தி வச்சிட்டேன்னு சொன்னியே.

(சின்ன மாமா பதில் போடல)

செல்வி சித்தி: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

அம்மா: நான் படிச்சிட்டேன் செல்வி

தர்ஷினி: நானும்

பெரிய மாமா: நான் படிக்கல. என்னா?

தர்ஷினி: சித்தப்பா அன்னிக்கி கெந்திங்ல (கெசினோ மலை) இருந்தாராம்

கவின்: பெரியப்பா இன்னொன்னு. பின் கேரியர்ல சேல முடிச்சி இருக்கு. ஊதா கலர் பார்டர். அறுத்தாத்தான் வரும் போல. அறுக்கவா?

பாட்டி: 🎤 0:52

பெரிய மாமா: என்ன சொல்றாங்க

தர்ஷினி: எழுதுறேன் இருங்க

தர்ஷினி: "அவன ஏசாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வாசப்படி ஏறிடுச்சி. எனக்கு மோட்டோரத் தூக்க முடியுமா? மெதந்து கிதந்து போயிடக் கூடாதுன்னு தூணோட சேத்து சேலையால கட்டினேன். காலையில தண்ணி எறங்குனப்புறம் அவுக்கத் தெரியல, இந்தப் பக்கம் அறுத்து உட்டேன். நீங்கதான் சண்ட போடுவீங்கன்னு அவன அப்படிச் சொல்லச் சொன்னேன்."

அம்மா: அது நான் தீபாவளிக்கி எடுத்துக் குடுத்த சேல

நான்: அம்மா

அம்மா: சும்மா சொன்னேன்

சின்ன மாமா: பேசுங்க. எல்லாரும் அம்பது மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு நல்லாப் பேசுங்க. ஆஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போறது யாரு, கேஸ் தூக்குறது யாரு, மருந்து மாத்திரை யாரு. ஒரு ராத்திரி நான் இல்ல. ஒரே ராத்திரி

செல்வி சித்தி: யாரும் ஒன்னும் சொல்லல சின்னண்ணே

சின்ன மாமா: நீ அழிச்சது என்னா அப்ப

செல்வி சித்தி: கேசரி 62 பேருக்கு சொல்லிடவா

பெரிய மாமா: கவின், சேலைய அறுக்காத. கேரியர் போல்டு ரெண்டு 10 ஸ்பேனர்ல கழட்டு, கேரியரே வெளிய வரும், முடிச்சி தானா நழுவும். பாட்டி கையில குடு.

கவின்: ஓகே

பெரிய மாமா: இப்ப மலிவு மிஞ்ஞா ஒரு பாட்டில் வாங்கி ஊத்து. முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 0.7. ஓட்டிப் பாக்கக் கூடாது, பிளக்கு இல்லாமலே பத்து தடவ கிக்க அமுக்கு, இறக்கு. திரும்ப வெள்ளையா வந்தா திரும்ப. தெளிவா வர்ற வரைக்கும். நல்ல மிஞ்ஞா கடைசியாத்தான். மிஞ்ஞா அளவு பாக்குற டிப்ஸ்டிக்கு மரையில திருகாம, சும்மா உள்ள வச்சிப் பாக்கணும். தாத்தா அதுக்குத்தான் எல்லாரையும் ஏசுவாரு. போல்டையும் மாடு மாதிரி இறுக்காத, அலுமினியம், மரை போயிடும்.

கவின்: கார்ப்பு கழட்டினேன். கிண்ணத்துல பச்சையா பிசின் மாதிரி. பெட்ரோலு போற சின்ன ஜெட்டு அடைச்சிருக்கு. ஊசி விட்டு குத்தவா

பெரிய மாமா: வேணாம்!!

பெரிய மாமா: அது பித்தள. இரும்பு ஊசி விட்டா ஓட்ட பெருசாவும், அப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோலு குடிக்கும். பழைய லைட்டு ஒயர உரி, உள்ள முடி மாதிரி செம்புக் கம்பி இருக்கும், அதுல ஒரு இழை. கார்ப்பு கிளீனர் அடிச்சி ஊறப் போடு. வெளிச்சத்துல புடிச்சா அந்தப் பக்கம் வட்டமாத் தெரியணும்.

கவின்: (படம்) தெரியுது. ஊசி முனை அளவு வானம்

தர்ஷினி: கவிஞரே பூனைக்குட்டி எப்படி இருக்கு

கவின்: கருவிப் பொட்டிக்குள்ள தூங்குது. 14 ஸ்பேனர் மேல. எடுக்க முடியல

*மாலை*

அம்மா: சேகரு வீட்டுல எத்தன பேருன்னு சாந்தி சொல்லிட்டா. 5. மொத்தம் 67

செல்வி சித்தி: பண்டாரம் 11 மணிக்கு வரேன்னாரு. அதுக்கு முன்னாடி வேற ஒரு எடம் இருக்காம்

அம்மா: 11ன்னா 12

கவின்: (வீடியோ 0:09)

தர்ஷினி: ஓடுச்சா????

கவின்: ரெண்டு தடவ இருமுச்சி, வெள்ளப் பொகை, நின்னுச்சி. கார்ப்பு கிண்ணத்துலேர்ந்து பெட்ரோலு சொட்டுது

பெரிய மாமா: பொகை வெள்ளையா இருக்கிறது மிச்சத் தண்ணி, போயிடும். சொட்டுறது கிண்ணத்து ரப்பர் வளையம். ஒரு வருசம் காஞ்சி சுருங்கிப் போச்சு. சிலிக்கான் கிலிக்கான் தடவாத, பெட்ரோலு கரைச்சிடும். பெட்ரோல அடைச்சி வை. பூனைய அந்தப் பக்கம் தள்ளி வை. யாரும் சிகரெட்டோட கிட்ட போவாதீங்க.

கவின்: கடை மூடியாச்சி பெரியப்பா. நாளைக்கி ஞாயிறு

செல்வி சித்தி: அப்ப படையலுக்கு ஓடாதா

அம்மா: அம்மா கிட்ட இப்ப சொல்லாதீங்க

கவின்: பாட்டி பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க

பாட்டி: 🎤 0:03

நான்: "இருமுனது கேட்டுச்சி"

சின்ன மாமா: கடைக்கார தவுக்கேவ எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னாலதான் கடை. காலையில 7க்குப் போயி எழுப்புறேன். கவின், பழைய வளையத்த எடுத்து வை

பெரிய மாமா: அளவு கண்ணால சொல்லாத, பழசக் கையில கொண்டு போ. ரெண்டா வாங்கு. பிளக்கும் ஒன்னு.

சின்ன மாமா: ம்

செல்வி சித்தி: அப்படியே வாழை எலை 70ம் பாத்துட்டு வந்துடுங்க சின்னண்ணே. கறியா சைவமா இன்னும் யாரும் சொல்லல