கேஸ் உலையில் இரும்பு சிவப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது

சாணைக்கல் (ஈரோடு):

வணக்கம். சமையல் கத்தியும் ஒன்றிரண்டு வெட்டுக்கத்தியும் அடிக்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் கேஸ் உலை ஒன்று கட்டியிருக்கிறேன். ஆங்கிள் ஃபிரேமுக்குள் பதினாறு ஃபயர் பிரிக். உள்ளளவு அகலம் 9, உயரம் 9, நீளம் 13½ இஞ்ச். பர்னர் நானே செய்தது: முக்கால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப், தலையில் ஒன்றரை இஞ்ச் ரெடியூசர், நடுவில் கேஸ் பீறிடும் துளையாக 0.8 மி.மீ. மிக் வெல்டிங் டிப். 5 கிலோ சிலிண்டர், கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) இல்லாத ஹோட்டல் அடுப்பு ரெகுலேட்டர். அடிப்பது பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டை, 8 மி.மீ. கனம்.

ஒரு மணி நேரம் ஓடினாலும் பட்டை சிவப்போடு நின்றுவிடுகிறது. நாலு அடி போடுவதற்குள் கறுத்துவிடுகிறது. அப்புறம் சிலிண்டரின் வெளிப்புறம் பனி பிடிக்கிறது, பர்னர் ‘டப் டப்’ என்று பைப்புக்குள்ளேயே எரிகிறது. பர்னரை ஒரு இஞ்சுக்கு மாற்றலாமா, இல்லை இன்னொரு பர்னர் சேர்க்கலாமா?

கணபதிப் பட்டறை (கோவை):

தம்பி, இரண்டும் வேண்டாம். உங்கள் உலை பெரிது, கல் கனம். அதைச் சரிசெய்யாமல் பர்னரை மாற்றினால் கேஸ் கடைக்காரருக்குத்தான் லாபம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 x 9 x 13½ என்றால் கிட்டத்தட்ட 18 லிட்டர் இடம். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் முக்கால் இஞ்ச் பர்னர் ஒன்று நன்றாகச் சூடாக்குவது ஐந்தரை, ஆறு லிட்டர். மூன்று மடங்கு இடத்தைக் கொடுத்துவிட்டு அதைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது கல். கெட்டியான ஃபயர் பிரிக் ஒன்று நாலு கிலோ வரும், பதினாறுக்கு 64 கிலோ. அத்தனையும் ஆயிரம் டிகிரிக்கு ஏற சுமார் 64 மெகாஜூல் வேண்டும். ஒரு கிலோ எல்பிஜியில் இருப்பது 46. ஆக, உலையின் வாய் வழியாக வெளியே போகும் சூட்டைக் கணக்கில் சேர்க்காமலே, சிலிண்டரில் கால் பங்குக்கு மேல் கல்லுக்கே போய்விடும். ஃபயர் பிரிக் நெருப்பைத் தாங்கும், சூட்டை நிறுத்தாது. நாள் முழுக்க அணையாமல் ஓடும் சூளைக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அடிக்கிறவருக்கு, கம்பளி மாதிரி சுற்றிச் சூட்டை உள்ளேயே நிறுத்தும் செராமிக் வுல்தான்.

பழைய இரும்புக் கடையில் 10 இஞ்ச் எம்எஸ் (பூச்சு இல்லாத சாதா இரும்பு) பைப் 14 இஞ்ச் நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். வெட்டும்போது உள்ளே மிச்சம் இருந்தால் போச்சு. அதோடு அது கேஸ் கம்பெனியின் சொத்து. பைப்புக்குள் 25 மி.மீ. செராமிக் வுல் (அடர்த்தி 128, தாங்கும் சூடு 1260 டிகிரி என்று போட்டிருக்கும்) இரண்டு சுற்று. உள்ளே 6 இஞ்ச் விட்டம் மிஞ்சும், ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இதற்கு உங்கள் பர்னரே போதும்.

வுல்லை அப்படியே விடக்கூடாது. அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது. கொல்லாய்டல் சிலிக்கா (நாரை இறுக்கும் திரவம்) தெளித்து, காயவிட்டு, பர்னரை ஐந்து நிமிடம் ஓட்டினால் மொறமொறவென்று இறுகிவிடும். மெழுகு வார்ப்பு பவுண்டரிகளில் இது பீப்பாய் பீப்பாயாக நிற்கும், தெரிந்தவர் இருந்தால் ஒரு பாட்டில் கேளுங்கள். அதன் மேல் ஹை அலுமினா காஸ்டபிள் (சூடு தாங்கும் சிமெண்ட் மாதிரிக் கலவை) அரை இஞ்ச் பூச்சு. தளத்தில் கொஞ்சம் கூடவே போடுங்கள். பின்னால் வெண்காரம் தூவி இரும்பை ஒட்ட வைக்கும் ஆசை வரும். வெண்காரம் உருகி வுல்லில் விழுந்தால் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றியது போல ஓட்டை போட்டுவிடும்.

வாயையும் மறந்துவிடாதீர்கள். பட்டை நுழைய இரண்டு இஞ்ச் உயரம் போதும், மிச்சத்தை உங்களிடம் இருக்கும் கல்லாலேயே மறைக்கலாம். பதினாறில் நாலைந்து இப்படி உதவும்.

இனி பர்னர். ஜிஐ பைப்பைக் கழற்றிவிட்டு கறுப்பு எம்எஸ் பைப் போடுங்கள். நுனி சூடாகும்போது துத்தநாகம் புகையும். அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வந்தால் காரணம் அதுதான். டிப் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. பர்னரைத் தனியே கழற்றி, கேஸ் வரும் வழியில் தண்ணீரை விடுங்கள். தாரை பைப்பின் நடுவில், சுவரில் படாமல் நேராக விழ வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து சுவரை நனைத்தால் அந்த ‘டப் டப்’புக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. மீதிப் பாதி அழுத்தம். வேகம் குறைந்தால் தீ பைப்புக்குள் ஏறி வரும்.

நீலவால்வு (திருச்சி):

அழுத்தத்தைப் பற்றி நான் சொல்கிறேன், கேஸ் லைன் வேலை பார்க்கிறவன். வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார். இந்த மாதிரி பர்னர் அதைவிடப் பத்து, இருபது மடங்கு கேட்கும். கேஜ் இல்லாமல் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கேஸ் கட்டிங்காரர்கள் போடும் எல்பிஜி ரெகுலேட்டர் வாங்குங்கள், கேஜோடு வரும். மரை இடது பக்கம் சுற்றும், எரியும் வாயு எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கம்பி பின்னிய ஹோஸ், தீ ஹோஸுக்குள் திரும்பி வராமல் தடுக்க ஒரு ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், கைக்கு எட்டும் தூரத்தில் சட்டென்று மூட ஒரு பால் வால்வு.

பனி பிடிப்பதற்குக் காரணம், திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொள்வது. சின்ன சிலிண்டரில் பரப்பு குறைவு, வெளியிலிருந்து சூடு ஏறுவதற்குள் உள்ளே குளிர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மாறுங்கள். வீட்டுச் சமையல் சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது, சட்டம் அப்படி. அவசரத்துக்கு ஒரு டப்பில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தலாம். வெந்நீர் ஊற்றுவது, தீ காட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். பக்கத்தில் சாக்கடைக் குழியோ தண்ணீர்த் தொட்டிப் பள்ளமோ இருந்தால் சிலிண்டரை அங்கிருந்து தள்ளி வையுங்கள். உலை திறந்த வெளியில்தான். வாயில் ஆரஞ்சுத் தீ நீளமாக நாக்கு நீட்டினால் கார்பன் மோனாக்சைடு கூடவே வருகிறது என்று அர்த்தம்.

கருவேலங்கரி (சிவகங்கை):

இத்தனை சாமான் வாங்குகிற காசுக்கு எங்கள் பக்கம் ஒரு வருஷத்துக்குக் கரி வாங்கலாம். மண்ணில் ஒரு குழி, ஒரு பைப், ஒரு சின்ன புளோயர், சீமைக் கருவேலங்கரி, அவ்வளவுதான். திருப்பாச்சேத்தி அரிவாள் எல்லாம் கேஜ் பார்த்தா அடித்தார்கள்? ஆனால் நீளக் கத்தியை முழு நீளத்துக்கும் ஒரே சூட்டில் கொண்டுவர கேஸ்தான் வசதி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கத்தியைக் கெட்டியாக்கச் சூடேற்றித் தோய்க்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வெயிலில் கண் ஏமாற்றும். காந்தம் ஒட்டாமல் போவது 770 டிகிரியில். லாரிப் பட்டைக்கு அதைவிட அறுபது, எழுபது கூட வேண்டும். உலையை இருட்டில் உற்றுப் பாருங்கள். சூடு ஏறும்போது அலகின் மேல் ஒரு நிழல் நெளிந்து ஓடும். அது முழுக்க மறைந்து ஒரே நிறமானதும் எடுத்து, இளஞ்சூடான எண்ணெயில் விடுங்கள். தண்ணீரில் விட்டால் ‘டிங்’ என்று சத்தம் கேட்கும், கத்தி இரண்டாகியிருக்கும். பிறகு 200 டிகிரியில் ஓவனில் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம்.

சாணைக்கல் (ஈரோடு):

எல்லோருக்கும் நன்றி. கணபதி அண்ணா, ஒரு சந்தேகம். பெருந்துறைப் பக்கம் பாய்லர் பிரித்த பழைய செராமிக் வுல் எடைக்குக் கிடைக்கிறது. அதைப் போடலாமா? புதிது முழு ரோலாகத்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர்.

கணபதிப் பட்டறை (கோவை):

பழையதைத் தொடவே வேண்டாம். ஆயிரம் டிகிரிக்கு மேல் பல நாள் வெந்த நாரில் கிரிஸ்டோபலைட் உண்டாகும், அது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசி. கை பட்டாலே பொடியாகும். புதியதை வெட்டும்போதும் தண்ணீர் தெளித்து, பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டு வெட்டுங்கள். துணி கட்டிக்கொள்வதெல்லாம் கணக்கில் வராது.

ரோல் 24 அடி நீளம், 2 அடி அகலம். உங்களுக்கு வெளிச்சுற்றுக்கு 31 இஞ்ச், உள்சுற்றுக்கு 25, மொத்தம் ஐந்தடிக்குள் முடிந்துவிடும். அகலத்தில் மிஞ்சும் 10 இஞ்சில் பின்பக்க மூடியும் வெட்டிக்கொள்ளலாம். முழு ரோல் எதற்கு? என்னிடம் பிரித்த ரோலில் எட்டடி மிச்சம் கிடக்கிறது. கோவைப் பக்கம் வரும்போது பாலித்தீன் பை ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள், வாங்கின விலைக்கே தருகிறேன். தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.